ஒரே பாத்திரத்தில் குடித்த பலம்

கிறிஸ்தவ நம்பிக்கை என்றால் இங்கே இரண்டு பேச்சுதான். மதம் அபின் என்று நம் தோழர்கள் சொல்கிறார்கள். பால்பவுடருக்கு மாறியவர்கள் என்று சங்கிகள் சொல்கிறார்கள். சேரிக் கிறிஸ்தவருக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியும் என்ற மரியாதை இரண்டிலும் இல்லை.

நான் போளூர் வட்டாரத்துத் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வடாற்காட்டுக்கு 1853-இல் ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷன் வந்தது. பக்கத்துச் சேத்துப்பட்டில் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்கள் வேலை செய்தார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தையும் அதை ஒட்டிய காலத்தையும் தொட்டுச் சேரிகள் கூட்டமாக மதம் மாறின. கஞ்சி கிடைத்தது உண்மைதான். பட்டினி கிடந்தவன் கஞ்சி ஊற்றியவரை நம்பியதில் என்ன கேவலம்? கஞ்சி அன்றே தீர்ந்தது. நம்பிக்கை மட்டும் இத்தனை தலைமுறையாக ஏன் நிற்கிறது?

டீக்கடையில் தனிக் குவளை இருந்த காலத்தில், சி.எஸ்.ஐ. திருவிருந்தில் ஒரே பாத்திரம் வாய்க்கு வாய் போனது. நிலத்துக்காரர் 'ஏய்' என்று கூப்பிட்டவளுக்கு ஞானஸ்நானத்தில் எஸ்தர், ரூத் என்று பேர் வைத்தார்கள். நாற்று நட்டுவிட்டு வந்த பெண் ஜெபக்கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னாள்; ஆண்கள் உட்கார்ந்து கேட்டார்கள். கடவுள் இருக்கிறாரா என்பதை நாம் விவாதித்துக்கொண்டே இருக்கலாம். தன்னைக் கடவுளின் சாயல் என்று நம்பியவள் கூலி குறைந்தால் கேட்பாள். தலை குனிய மாட்டாள். எங்கள் ஊரில் விசுவாசம் என்றால் அதுதான்.

இந்தப் பலத்தைச் சபையே பறிக்கவும் பார்த்தது. சாதியை விடுங்கள் என்று 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் உத்தரவிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் எதிர்த்து வெளியேறினார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவேகூட சுவர் எழுப்பினார்கள். தனிப் பங்கு கேட்ட எறையூர் தலித் கத்தோலிக்கர்களை 2008-இல் சொந்தச் சபையின் சாதிக்காரர்களே தாக்கினார்கள். சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஆயர் பேரவை 2016-இல் தலித் கொள்கை ஆவணம் வெளியிட்டு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதோடு வேலை முடிந்துவிடுமா?

அரசு செய்வது இன்னொரு அநியாயம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. 2023-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமோ, ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்கும் போய்வரும் புதுச்சேரிப் பெண்ணுக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாது என்றது.

ஊரும் தெருவும் சாதி பார்த்தே நடத்துகின்றன. சட்டம் மட்டும் மதம் பார்க்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் பட்டியலோடு சேர்ந்தே போய்விடுகிறது. அதனால்தான் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இரண்டு பேர்: பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று. இதை ஏமாற்று என்பவர்கள், உண்மையைச் சொன்னால் உரிமை போகும் என்று எழுதி வைத்தது யார் என்று முதலில் சொல்லட்டும்.

தோழர்களே, எங்களை நம்பிக்கையிலிருந்து காப்பாற்ற வேண்டாம். மூன்றாம் பத்தியை நீக்கும் போராட்டத்துக்கு வாருங்கள். கல்லறைச் சுவரை இடிக்கக் கை கொடுங்கள்.

சபையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்வதுதான் விசுவாசம் என்று யாராவது பிரசங்கம் செய்தால் நம்பாதீர்கள். பொறுத்துக்கொள்ள நம் பாட்டிகளுக்குப் புது சாமி தேவைப்படவில்லை. அதை இந்த ஊரே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. நிமிர்ந்து நிற்கத்தான் அவர்கள் ஞானஸ்நானம் வாங்கினார்கள்.