ரயில் வாசிப்பு - 9: மூட்டைக்குள்ள இருக்கிற எழுத்து

கார்ல்ஸ்ரூவேயில இருந்து முர்க் ஆத்தை ஒட்டி மலைக்குள்ள போற ரயில்ல சிக்னல் நம்மள விட சோம்பேறி. கொஞ்ச நேரம் வரும், அப்புறம் காணாமப் போகும். சுரங்கம், பாறை, மறுபடி சுரங்கம். இப்படி சிக்னல் இல்லாத இடத்துக்கு ஜெர்மன்காரங்க 'ஃபுங்க்லாக்'னு ஒரு பேர் வச்சிருக்காங்க. அலை ஓட்டைன்னு வச்சுக்கலாம். ஓட்டைக்குள்ள உக்காந்து படிக்கணும்னா, படிக்க வேண்டியது முன்னாடியே போனுக்குள்ள இருக்கணும்.

அதனால இந்த வாரம் புத்தகம் இல்லை, புத்தகம் வர்ற மூட்டை. அதாவது நிறைய டெக்ஸ்ட் கோப்புகளை ஒண்ணா கட்டி, கைப்பேசி செயலியில படிக்கிற விஷயம். கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே. கடைசியில எங்க அப்பத்தா வருவாங்க :-)

முதல்ல ஒரு ரகசியம். நாம தினமும் தொடுற பாதி விஷயம் ஜிப் கோப்புதான். ஃபில் காட்ஸ் 1989-ல கொண்டுவந்த அதே ஜிப். ஈபப் புத்தகம் ஒரு ஜிப். உள்ள அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, எது முன்னாடி எது பின்னாடின்னு சொல்ல தனியா ஒரு கோப்பு. ஆண்ட்ராய்டு செயலியே ஒரு ஜிப். அந்தக் கால நோக்கியாவுல ஓடின ஜார் கோப்பும் ஜிப்தான். கல்லூரி அண்ணன்கள் ஜாருக்குள்ள கதையை வச்சு, பஸ்ல ரெண்டு விரக்கடைத் திரையில படிச்சாங்களே, அதுவும் இதே வேலைதான்.

தமிழுக்கு இந்த மூட்டையில ஒரு தனி லாபம் இருக்கு. யூடிஎஃப்-8-ல ஒரு தமிழ்க் குறிக்கு மூணு பைட். 'தமிழ்'னு எழுதினா த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளின்னு அஞ்சு குறி, பதினஞ்சு பைட். என்னடா இப்படி இடத்தை அடைக்குதேன்னு தோணும். ஆனா அந்த மூணுல முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒண்ணே. ரெண்டாவது பைட்டும் ரெண்டே ரெண்டு வகைதான். திரும்பத் திரும்ப வர்றதைச் சுருக்குறதுதான் ஜிப்போட தொழிலே. அதனால தமிழ்க் கோப்பை மூட்டை கட்டினா நல்லாவே சுருங்கும். திருக்குறள் 133 அதிகாரமும், மூலம் மட்டும்னா, போன்ல எடுக்கிற ஒரு போட்டோ அளவுகூட வராது.

அப்புறம் என்ன பிரச்சனை? மூட்டை சாகாது, அதைத் திறந்து காட்டுற செயலி செத்துப்போகும்.

என் பழைய போன்ல ஒரு குறள் செயலி வச்சிருந்தேன். இணையம் வேண்டாம், எல்லாம் உள்ளயே இருக்கும். பிடிச்ச குறளுக்கு நட்சத்திரம் போட்டு வச்சிருந்தேன், நாலு வருஷ நட்சத்திரம். புதுப் போன் வாங்கினதும் அந்தச் செயலி நிறுவவே மாட்டேன்னுடுச்சு. 2023-ல வந்த ஆண்ட்ராய்டு 14, ரொம்பப் பழைய பதிப்பைக் குறிவச்சு எழுதின செயலிகளை உள்ள விடுறதில்லை. ஐபோன்லயும் 2017-ல ஐஓஎஸ் 11 வந்தப்ப 32-பிட் செயலி அத்தனையும் ஒரே நாள்ல ஓடாமப் போச்சு. குறள் பல நூறு வருஷமா ஓலையில, தாள்ல, கல்லுல எல்லாம் தாக்குப்பிடிச்சது. செயலிக்கு ஆயுசு ஏழெட்டு வருஷம்!

ஆனா செயலியே ஒரு ஜிப்னு சொன்னேன் இல்லையா? அந்தப் பழைய செயலியோட கோப்பைக் கணினியில ஜிப் மாதிரி திறந்தேன். உள்ள ஒரு கோப்புறை, அதுல வரிசையா 133 டெக்ஸ்ட் கோப்பு, சமர்த்தா உக்காந்திருக்கு. அப்படியே எடுத்து சாதாரண ஜிப்பாக் கட்டி, டெக்ஸ்ட் படிக்கிற வேற செயலியில போட்டுக்கிட்டேன். நட்சத்திரம் மட்டும் போனது போனதுதான். (காப்புரிமை தீர்ந்த மூலநூலுக்கு இது சரி. ஒருத்தர் இப்ப எழுதின உரைன்னா அது அவரோட உழைப்பு, கேட்டுட்டு எடுங்க.)

இப்ப அப்பத்தா.

எங்க அப்பத்தா ஒப்பாரி பாடுவாங்க. சிவகங்கைப் பக்கம் எந்த ஊர்ல சாவுன்னாலும் ஆள் வந்து கூட்டிட்டுப் போகும். 2005-ல எங்கப்பா அவங்களைப் பாடச் சொல்லிச் சொல்லி நோட்டுல எழுதி, பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்கா உக்காந்து தட்டி வச்சார். 38 பாட்டு, 38 கோப்பு, ஒரு ஜிப், ஒரு சிடி. 2009-ல அப்பத்தா போயிட்டாங்க. குரல் பதிவு எதுவும் கிடையாது. நோட்டு ஒரு மழையில போச்சு. மிச்சம் அந்த மூட்டை மட்டும்தான்.

போன மாசம் அத்தை மக அதைப் போன்ல ஒரு செயலியில திறந்திருக்கா. முழுக்க முழுக்கக் கறுப்புக் கட்டம், கேள்விக்குறி. அத்தை எனக்கு போன் பண்ணி, "தம்பி, அம்மா பாட்டெல்லாம் அழிஞ்சு போச்சாய்யா?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கே பாட்டு பாதிதான் ஞாபகம்.

அழியலை. அப்பா தட்டினது திஸ்கியில. செயலி அதை யூடிஎஃப்-8-னு நினைச்சுப் படிச்சிருக்கு, புரியாத பைட்டுக்கெல்லாம் கேள்விக்குறி போட்டிருக்கு. அந்த நிலையில சேமின்னு அமுக்கியிருந்தா அந்தக் கேள்விக்குறிகளே கோப்புல ஏறி, நிஜமாவே எல்லாம் போயிருக்கும். நல்லவேளை, செயலி ஜிப்புக்குள்ள வச்சே காட்டினதால மூலத்து மேல ஒரு கீறல் இல்லை. மூட்டையைப் பிரிக்காமப் படிக்கிறதுல இப்படி ஒரு பாதுகாப்பு இருக்கு.

லினக்ஸ்ல ஐகான்வ்னு ஒரு கட்டளை இருக்கு, அதுக்கு திஸ்கி தெரியும். 38 கோப்பையும் யூனிகோடுக்கு மாத்திட்டேன். திஸ்கியில 'கொ'ங்கிறது கண்ணுக்குத் தெரியிற வரிசையில, கொம்பு முதல்ல, ககரம் அப்புறம், கால் கடைசியில்னு கிடக்கும். யூனிகோட்ல ககரம்தான் முதல்ல. இந்த இடமாத்தத்தை எல்லாம் கட்டளையே பாத்துக்குச்சு.

இன்னொரு சிக்கல். அப்பா பாட்டு1, பாட்டு2னு இங்கிலீஷ் எழுத்துல பேர் வச்சிருந்தார். பல செயலிகள் இதை 1, 10, 11, அப்படியே 19 வரைக்கும் போய்ட்டு அப்புறம்தான் 2-ன்னு அடுக்கும். மத்த புத்தகம்னா பரவாயில்லை. ஒப்பாரியில வரிசை கலைஞ்சா அழுகைக்கு ஆள் மாறிடும். 2 தாத்தாவுக்குப் பாடினது. 10 சின்ன வயசுல போன பெரியப்பாவுக்கு. 01, 02னு பேர் மாத்தின பிறகுதான் அப்பத்தா அழுத வரிசையில பாட்டு நின்னுச்சு.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பழைய மூட்டை இருந்தா:

1. முதல்ல ஒரு நகல் எடுங்க. நகல்லதான் கை வைக்கணும்.

2. கேள்விக்குறியா வந்தா சேமிக்காதீங்க, மூடிடுங்க. எந்தக் குறியாக்கம்னு பாருங்க. 2000-களோட தொடக்கக் கோப்புன்னா திஸ்கியா, டாபா, இல்ல ஏதாவது எழுத்துருவுக்குன்னே தட்டினதான்னு சந்தேகப்படுங்க.

3. யூடிஎஃப்-8-க்கு மாத்தி, கோப்புப் பேரை 001-னு எண்ணுல வையுங்க. ஜிப்புக்குள்ள தமிழ்ப் பேர் சில பழைய மென்பொருள்ல சிதையும்.

4. யார் பாடினது, யார் எழுதி எடுத்தது, எந்த வருஷம்னு 000-னு ஒரு கோப்புல எழுதிப் போடுங்க.

செயலி எழுதுற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உள்ள வைக்கிற எழுத்தை வெளிய எடுத்துக்க ஒரு பொத்தான் வையுங்க. படிக்கிறவர் போடுற குறிப்பையும் வெறும் டெக்ஸ்டாக் கொடுத்துடுங்க. மதுரைத் திட்டம் 1998-ல தொடங்கி, நடுவுல திஸ்கியில இருந்து யூனிகோடுக்கு மாறியும் நிக்குதுன்னா, அங்க எழுத்து எந்தச் செயலியையும் நம்பி இல்லைங்கிறதும் ஒரு காரணம்.

மாத்தின மூட்டையை அத்தைக்கு அனுப்பியிருக்கேன். மூணு இடத்துல அப்பா தப்பா எழுதி வச்சிருக்கார்னு நேத்து போன்ல ஒரே சண்டை. திருத்தம் எல்லாம் 039-னு தனிக் கோப்பா சேருது.

அடுத்த வாரம்: போனே சத்தமாப் படிச்சுக் காட்டினா தமிழ் எப்படி இருக்கு?