ஒரே பிரதி: மேகக் கணிமை மாநாடுகளின் பாடமும் எமது ஆவணங்களும்

அமேசன் வெப் சேர்விசஸ் நிறுவனம் 2012ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வருடமும், பெரும்பாலும் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், ‘ரீஇன்வென்ட்’ என்ற மேகக் கணிமை மாநாட்டை நடத்திவருகிறது. கோப்புகளையும் மென்பொருளையும் சொந்தக் கணினியில் வைத்திருக்காமல், இன்னொருவர் நடத்தும் பெரிய தரவு நிலையங்களில் வாடகைக்கு வைத்து இணையத்தின் ஊடாகப் பயன்படுத்துவதுதான் மேகக் கணிமை. இந்த மாநாட்டில் அறிவிக்கப்படும் புதிய சேவைகளே செய்திகளில் இடம்பிடிக்கின்றன. ஆனால், அங்கு நிகழ்த்தப்படும் உரைகளை யூரியூப்பில் பார்த்துவருபவள் என்ற வகையில், மென்பொருள் உருவாக்குநர்கள் அங்கிருந்து எடுத்துச்செல்லும் முக்கியமான பாடம் வேறொன்று என்றே நான் நினைக்கிறேன். எல்லாமே ஒருநாள் பழுதாகும், ஆகவே பழுதை எதிர்பார்த்தே கட்டுங்கள் என்பதுதான் அது. அமேசனின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி வேர்னர் வோகல்ஸ் பல வருடங்களாக இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறார்.

அமேசனும் இதற்கு விதிவிலக்கல்ல. 2025 ஒக்டோபர் 20ஆம் திகதி, வேர்ஜினியாவிலுள்ள அதன் தரவு நிலையத் தொகுதியில் ஏற்பட்ட கோளாறினால் உலகெங்கும் பல செயலிகள் மணிக்கணக்கில் முடங்கின. ஆகவே ஒரு பிரதியை ஒரே கட்டடத்தில் வைக்கக்கூடாது. காப்புப்பிரதிகளில் ஒன்றையாவது வலையமைப்பிலிருந்து துண்டித்து வைக்கவேண்டும். அதிலிருந்து தரவை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்கவேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புப்பிரதியை நம்பமுடியாது என்பது இந்தத் துறையில் பாலபாடம்.

இலங்கை அரசாங்கத்தின் சொந்த மேகம் இந்தப் பாலபாடத்தில் தவறியது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி லங்கா அரசாங்க மேகத்தின் மீது, தரவுகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ‘ரான்சம்வெயார்’ தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. இணைப்பிலிருந்த காப்புப்பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்கமுடியாமல் போயின. வசதியுள்ள நாடுகளிலும் இது நடக்கிறது. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் டேஜொன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் ஏற்பட்ட தீயில், அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கு வெளியில் வேறு பிரதி இருக்கவில்லை.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. ரஷ்யா படையெடுப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன்னர், 2022 பெப்ரவரி 17ஆம் திகதி, அரச தரவுகளை மேகத்துக்கு மாற்றுவதற்கு உக்ரைன் நாடாளுமன்றம் சட்ட அனுமதி வழங்கியது. போர் தொடங்கியதும் காணி உரிமை, சனத்தொகைப் பதிவு, வரி, கல்வி சார்ந்த தரவுகள் நாட்டுக்கு வெளியே பிரதி எடுக்கப்பட்டன. பெட்டியளவு சேமிப்புக் கருவிகளும் இதற்காக அங்கு கொண்டுசெல்லப்பட்டன. கட்டடங்கள் இடிந்தாலும் இந்த வீடு யாருடையது என்ற பதிவு தப்பியிருக்கவேண்டும் என்ற முன்யோசனை அது.

எமக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. தொடர்ந்த இடப்பெயர்வுகளில், குறிப்பாக வன்னியின் இறுதி மாதங்களில், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் என்று எத்தனையோ குடும்பங்களின் கையிலிருந்த ஒரே பிரதி தொலைந்தது. அதன் விலையை இன்றும் செலுத்திக்கொண்டிருக்கிறோம். வடக்கில் 5,900க்கும் அதிகமான ஏக்கர் காணிகளுக்கு உரிமை கோருமாறு 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி ஏற்படுத்திய பதற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம். கையில் உறுதி இல்லாதவர் எதைக் கொண்டு உரிமை கோருவது? எதிர்ப்புக்குப் பின்னர் அந்த வர்த்தமானி மீளப்பெறப்பட்டது. ஆனால் உறுதி இல்லாதவருக்கு இன்னமும் உறுதி இல்லை.

ஆகவே அரசாங்கம் டிஜிட்டல் அடையாள அட்டை, டிஜிட்டல் சேவைகள் என்று பேசும்போது, அதை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒழுங்காகச் செய்தால் பிரதி இழந்தவர்களுக்கே அது அதிகம் உதவும். ஆனால் மேகக் கணிமை மாநாடுகளில் சொல்லப்படும் இன்னொரு விடயத்தையும் கவனிக்கவேண்டும். அதைப் ‘பகிரப்பட்ட பொறுப்பு’ என்கிறார்கள். தரவு நிலையத்தையும் அதிலுள்ள இயந்திரங்களையும் பாதுகாப்பது மேக நிறுவனத்தின் வேலை. அங்கு எதை வைப்பது, யாருக்கு அனுமதி கொடுப்பது என்பது வாடிக்கையாளரின் பொறுப்பு. எமது தரவுகளைப் பொறுத்தவரையில் வாடிக்கையாளர் நாங்கள் அல்ல, அரசாங்கம். ஒப்பந்தத்தில் எமக்கு இடமில்லை. விபரங்கள் திரட்டப்பட்டு விசாரணைக்கு அழைக்கப்பட்ட அனுபவமுள்ள ஒரு சமூகத்துக்கு, தரவு தொலைவது எவ்வளவு பயமோ, தவறான கைகளில் அது பத்திரமாக இருப்பதும் அவ்வளவு பயம்தான். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் பாதுகாப்பு பிரதேச செயலகத்தின் கணினிவரை வந்துசேர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி.

இதைக் கேட்பதற்குத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. எனது பதிவின் இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது? அதை மீட்டுப் பார்த்த கடைசித் திகதி எது? அதை யார் யார் திறந்து பார்க்கலாம், திறந்தவர்களின் பெயர் பதியப்படுகிறதா? சிவில் அமைப்புகளும் மக்கள் பிரதிநிதிகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றை எழுத்தில் கேட்கலாம். எழுத்தில் பதில் வரும்வரை, கணினியில் ஏற்றியாயிற்று என்று அலுவலகத்தில் சொன்னாலும், வீட்டிலிருக்கும் மூலப் பத்திரத்தை யாரும் கைவிடவேண்டாம். அதில் ஒரு நிழற்படப் பிரதி எடுத்து, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்துவையுங்கள்.