சீரியல் செட்டு மினுக்காம எரியட்டும்



வர்ற ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல திருவிழாக் கூட்டம். காப்புக் கட்டு என்னைக்கு, தலைக்கட்டு வரி எவ்வளவு, ரேடியோ செட்டு யாருக்குன்னு வழக்கமான பேச்சுதான். அதுல நானும் ஒண்ணு பேசலாம்னு இருக்கேன். ஆனா கூட்டத்துல எந்திரிச்சுப் பேசினா பாதியிலயே யாராவது சத்தம் போட்டு உட்கார வச்சிருவாங்க. அதனால முழுசையும் இங்க எழுதி வச்சிடுறேன்.

விஷயம் சின்னதுதான். ஊரணிக்குப் போற பாதையிலயும் படித்துறையிலயும் கட்டுற சீரியல் செட்டு மினுக்கக் கூடாது. நின்னு எரியணும்.

"இதுக்கா ஒரு பதிவு?"ன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு.

போன வருஷம் பங்குனித் திருவிழா. முளைப்பாரி கரைக்கிற ராத்திரி. எங்க பெரியம்மாவுக்கு 71 வயசு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள்லருந்து பாரி எடுக்காத வருஷம் கிடையாது. தலையில பாரி ஓடு இருக்கும்போது யாரும் குனிஞ்சு காலடியைப் பாக்க முடியாது. காலால தடவித்தான் படி இறங்கணும், ஓரக்கண்ணுல தெரியுற வெளிச்சம்தான் துணை. முன்னாடியெல்லாம் படித்துறையில ரெண்டு டியூப் லைட்டு கட்டுவோம். போன வருஷம் அதை எடுத்துட்டு, வேப்பமரத்துலருந்து படி வரைக்கும் சீரியல் செட்டாத் தொங்க விட்டோம். தண்ணியில நிழல் விழுந்தா அழகா இருக்கும்னு ஒரு யோசனை. அழகாத்தான் இருந்துச்சு, அதைச் சொல்லணும்.

மூணாவது படியில பெரியம்மா விழுந்தாங்க. பாரி கீழ விழுந்துடக் கூடாதுன்னு ரெண்டு கையாலயும் ஓட்டைப் பிடிச்சிருக்காங்க. அதனால கையை ஊன முடியல. இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன், பிளேட்டு, மூணு மாசம் படுக்கை. இப்ப வாக்கர் பிடிச்சு வாசல் வரைக்கும் நடக்குறாங்க.

ஊர் என்ன பேசுச்சு தெரியுமா? "வயசான காலத்துல எதுக்குப் பாரி எடுக்கணும்?" விளக்கைப் பத்தி ஒருத்தர் வாய் திறக்கல. நானும்தான். மறுநாள் சாயங்காலம் செட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி தனியாப் போய் அந்த மூணாவது படியில நின்னு பாத்தேன். ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுறதுக்குள்ள வெளிச்சம். அடுத்த ஒண்ணு ரெண்டுக்குக் கும்மிருட்டு. அப்புறம் படபடன்னு அடிக்குது. அப்புறம் மெதுவாத் தேஞ்சு அணையுது. கண்ணு வெளிச்சத்துக்குப் பழகுறதுக்குள்ள இருட்டு, இருட்டுக்குப் பழகுறதுக்குள்ள வெளிச்சம். வெறும் தலையோட நின்ன எனக்கே அடுத்த படி எங்க இருக்குன்னு தெரியல.

ரேடியோ செட்டுக்காரரைக் குத்தம் சொல்ல மாட்டேன். "நல்லா ஜிகுஜிகுன்னு போடுங்க"ன்னு கேட்டது நாங்க. கமிட்டி நோட்டுல கையெழுத்துப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன்.

இந்த மினுக்குற பழக்கம் புதுசு இல்லை. என் மகன் போன்ல காட்டினான். 1882-ல நியூயார்க்குல எடிசனோட கூட்டாளி எட்வர்ட் ஜான்சன்ங்கிறவர் தன் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்துல 80 சின்ன பல்பைக் கட்டி எரிய விட்டாராம். அந்த மரமும் சுத்துமாம், சுத்தச் சுத்த விளக்கும் மாறி மாறி எரியுமாம். சரி, அது வீட்டுக்குள்ள வச்சு வேடிக்கை பாத்த மரம். அதுக்கு மினுக்கல் பொருத்தம். நம்ம ஊரணிப் படி வேடிக்கை பாக்குற இடம் இல்லை, ஆள் நடக்குற இடம். ரெண்டுக்கும் ஒரே விளக்கைக் கட்டினதுதான் தப்பு.

"மினுக்காத செட்டுக்கு எங்க போறது?"ன்னு கூட்டத்துல கண்டிப்பாக் கேப்பாங்க. இந்த ஒரு வருஷமா அதைத்தான் விசாரிச்சுக்கிட்டு இருக்கேன். எனக்குத் தெரிஞ்ச எலக்ட்ரீசியன் ஒருத்தர் பக்கத்துல உட்கார வச்சு, பெட்டியைப் பிரிச்சுக் காட்டிச் சொல்லிக் குடுத்தார். புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

பழைய கால செட்டு, அதாவது சூடாகி எரியுற குட்டி பல்பு செட்டு, ரொம்ப எளிது. எல்லா பல்பும் ஒரே வரிசையில ஒண்ணு விட்டு ஒண்ணு கோத்திருக்கும். ஒரு பல்பு 6 வோல்ட்டுன்னா 230 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 38 பல்பு. அதுல ஒரே ஒரு பல்புதான் மினுக்குற பல்பு. அதுக்குள்ள ஒரு சின்னத் தகடு இருக்கு. சூடானா வளைஞ்சு விலகும், கரண்டு அறுந்து மொத்த வரிசையும் அணையும். ஆறினா ஒட்டிக்கும், மறுபடி எரியும். அந்த ஒரு பல்பை எடுத்துட்டு, அதே வோல்ட்டு சாதா பல்பைப் போட்டா முடிஞ்சது, செட்டு நின்னு எரியும். நம்ம பசங்க அந்த பல்பைப் பிடுங்கிட்டு ரெண்டு வயரையும் முறுக்கி விட்டுடுறாங்க. எரியத்தான் செய்யும். ஆனா ஒரு பல்பு பங்கு வோல்ட்டையும் மத்த பல்பெல்லாம் சுமக்கணும். இப்படி நாலு இடத்துல முறுக்கினா மிச்ச பல்பு சீக்கிரம் ப்யூஸ் போகும்.

இப்ப கடையில இருக்கிறது எல்.இ.டி. செட்டு. பிளக்குக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி, அதுல ஒரு பொத்தான். அமுக்க அமுக்க வேற வேற மாதிரி மினுக்கும். நிறைய பெட்டியில 8 விதம், அதுல எட்டாவது நின்னு எரியுறது. "அப்ப பொத்தானை அமுக்கிட்டாப் போதுமே"ன்னு நானும் நினைச்சேன். அங்கதான் சிக்கல். கரண்டு போய் வந்தா பெட்டிக்குப் பழைய ஞாபகம் இருக்காது. மறுபடி முதல்லருந்து மினுக்க ஆரம்பிக்கும். திருவிழா ராத்திரி எத்தனை தடவை கரண்டு போகும்னு நமக்குத் தெரியும். மரத்து மேல கட்டின ஒவ்வொரு பெட்டியையும் ஏணி போட்டு யார் அமுக்குறது?

அதனால பெட்டிக்குள்ள ஒரு வேலை இருக்கு. உள்ள சின்னப் பலகை. அதுல நாலு கறுப்பு டயோடு இருக்கும், அது நம்ம வீட்டு ஏ.சி. கரண்டை டி.சி.யா மாத்துது. பக்கத்துல தார் உருண்டை மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு, அதுதான் மூளை. அப்புறம் வெளிய போற ஒவ்வொரு வரிசைக்கும் மூணு காலோட ஒரு சின்னச் சாமான், எஸ்.சி.ஆர்.னு பேரு. வாய்க்கால் மடை மாதிரி வச்சுக்குங்க. மூளை சொன்னா மடை திறக்கும், இல்லைன்னா அடைச்சிருக்கும். அந்த மடை நிரந்தரமாத் திறந்து கிடக்குற மாதிரி, மூணு கால்ல கரண்டு வர்ற காலையும் போற காலையும் ஈயம் வச்சு இணைச்சுட்டா விளக்கு நின்னு எரியும். கரண்டு எத்தனை தடவை போய் வந்தாலும் நின்னே எரியும்.

இதுல மூணு எச்சரிக்கை. ஒண்ணு, அந்த நாலு டயோடைத் தொடக் கூடாது. ரெண்டு, மினுக்கும்போது ஒவ்வொரு வரிசைக்கும் ஓய்வு கிடைக்குது. நின்னு எரிஞ்சா ஓய்வே இல்லை, வயர்ல கோத்திருக்கிற ரெசிஸ்டர் சூடாகும். அதனால மாத்தின செட்டை முதல்ல தரையில போட்டு மூணு மணி நேரம் பக்கத்துலயே இருந்து பாக்கணும். பிளக்கைப் பிடுங்கிட்டுத் தொட்டுப் பாத்துச் சுடுதுன்னா அந்த செட்டு வேணாம். மூணு, எல்லா செட்டையும் மாத்த முடியாது. சிலதுல பல்புக்குள்ளயே கலர் மாத்துற சில்லு இருக்கும். சிலதுல ஒரே வயர்ல ரெண்டு கலரைத் திருப்பித் திருப்பிக் கோத்திருப்பாங்க. அதெல்லாம் மினுக்கவே பொறந்தது, விட்டுடணும்.

தெரியாதவங்க இதைச் செய்யவே கூடாது. எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். பொங்கலுக்கு என் தம்பி மகன், பிளஸ் டூ படிக்கிறவன், "பெரியப்பா, இதுக்கு எதுக்கு எலக்ட்ரீசியன்?"னு சொல்லிட்டுப் பெட்டியை வெட்டி எடுத்துட்டு, வயரை நேரா பிளக்குல கோத்துட்டான். எரிஞ்சது. ஆனா வெளிச்சம் பாதியாப் போச்சு, உத்துப் பாத்தா நடுங்குது. டி.சி.யா மாத்துற டயோடும் பெட்டியோட போயிடுச்சுல்ல? அதோட விட்டிருந்தாப் பரவாயில்லை. வெட்டின இடத்துல டேப்பு இல்லைன்னு கேரிபேக்கைச் சுத்தி, இரும்பு கேட்டு மேல போட்டிருக்கான். விடிகாலைப் பனியில நனைஞ்சிருக்கு. பால் கறக்கப் போன என் வீட்டுக்காரம்மா கேட்டைத் தொட்டதும் சுள்ளுன்னு இழுத்திருக்கு. கால்ல ரப்பர் செருப்பு இருந்துச்சு. இல்லைன்னா இந்தப் பதிவை வேற மாதிரி எழுதியிருப்பேன்.

சின்ன பல்பு தானேன்னு நினைக்கிறோம். இந்தப் பெட்டிக்குள்ள கரண்டைக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர் கிடையாது. நூல் மாதிரி இருக்கிற அந்த வயர்ல வர்றது வீட்டு மோட்டாருக்கு வர்ற அதே 230 வோல்ட்டு. இதை ஈர மரத்துலயும் தகரக் கொட்டகையிலயும் சுத்துறோம். கை வைக்கிறதுக்கு முன்னாடி சுவிட்சை அணைச்சாப் போதாது, பிளக்கைப் பிடுங்கணும்.

அதனால எல்லாத்தையும் பிரிச்சு மாத்துங்கன்னு நான் சொல்ல வரல. கடையிலயே பெட்டி இல்லாம, நேரா நின்னு எரியுற செட்டு கிடைக்குது. "மினுக்காதது குடுங்க"ன்னு கேட்டு, அங்கயே பிளக்குல போட்டு, ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாத்து வாங்கணும். அவ்வளவுதான். கோயில்ல ஏற்கெனவே வாங்கி வச்சிருக்கிற செட்டை மட்டும் எலக்ட்ரீசியன் கையால மாத்திக்கலாம். தூக்கிப் போட வேணாம்.

இன்னொரு பேச்சும் வரும், தெரியும். "நின்னு எரிஞ்சா எழவு வீட்டு லைட்டு மாதிரி இருக்கும்"னு இளவட்டங்க போன வருஷமே சொன்னாங்க. தம்பிகளா, கார்த்திகைக்கு வாசல்ல அகல் ஏத்துறோம். காத்துல சுடர் துடிச்சா நம்ம ஆத்தா என்ன செய்வாங்க? ஓடி வந்து கையை வச்சு மறைப்பாங்க. துடிக்காம நின்னு எரியுற சுடரைத்தான் நல்ல விளக்குன்னு கும்பிடுறோம். கருவறை விளக்கு மினுக்கினா சும்மா விடுவோமா? கோயில் முகப்புல, அலங்கார வளைவுல, அம்மன் உருவம் போட்ட பெரிய தட்டியில எல்லாம் ஆசை தீர மினுக்கட்டும். நானும் நின்னு பாப்பேன். அங்கயும் ரொம்ப வேகமா அடிக்கிறதை மட்டும் தவிர்க்கலாம். வலிப்பு இருக்கிறவங்கள்ல சிலருக்கு அந்த வேகம் ஆகாது.

ஆக, ஞாயித்துக்கிழமை நான் கேக்கப் போறது மூணே மூணு. பாதையிலயும் படித்துறையிலயும் கட்டுறது நின்னு எரியுற செட்டா இருக்கணும். படிக்கு நேர் மேல பழையபடி ரெண்டு டியூப் லைட்டு வேணும், இல்லைன்னா எல்.இ.டி. பல்பு. அழகுக்குக் கட்டுற செட்டை நம்பிப் படி இறங்க விடக் கூடாது. மூணாவது, திருவிழா லைன் மொத்தத்துக்கும் ஒரு ஆர்.சி.சி.பி. போடணும், 30 மில்லி ஆம்பியர்ல விழுறது. எங்கயாவது கரண்டு கசிஞ்சு ஆளை இழுத்தாலும் அது உடனே விழுந்துடும். வாணவேடிக்கைக்குப் போற காசுல இதெல்லாம் ஒரு மூலைக்கு வராது. காணலைன்னா படித்துறைச் செலவு என் பொறுப்பு.

நேத்து பெரியம்மாவைப் பாக்கப் போனேன். இந்த வருஷம் பாரிக்கு அவங்க மருமக பேரைக் குடுத்திருக்காங்களாம். "நான் திண்ணையில உக்காந்து கும்மிப் பாட்டு மட்டும் எடுத்துக் குடுக்குறேன்டா"ன்னாங்க. கிளம்பும்போது கூப்பிட்டு, "அந்தப் படியில லைட்டு என்னடா செஞ்சீங்க?"ன்னு கேட்டாங்க.

ஒரு வருஷமா ஊர்ல யாரும் கேக்காத கேள்வி. விழுந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. "இந்த வருஷம் மினுக்காது பெரியம்மா"ன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அதை ஊர் காப்பாத்திக் குடுக்கணும்.