தோற்றவர்களின் துஆ

தோற்றதும் கையேந்துகிறோம். ஏந்தத்தான் வேண்டும். ஆனால் எதிரியின் அழிவை வேண்டும் நம் நாவு, நாம் எங்கே தவறினோம் என்று ஒருமுறையும் கேட்பதில்லை.

பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையில் செல்வோர் ரஞ்சன்குடிக் கோட்டையைக் கண்டிருப்பர். அதை அடுத்த வாலிகண்டபுரத்தில் 1751-இல் மோதிய இரு தரப்புக்கும் தலைவர்கள் முஸ்லிம்களே. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை. அன்று ஆங்கிலேயர் பின்வாங்கினர். மறு ஆண்டே சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. வென்ற முகம்மது அலிக்கு மிஞ்சியதோ கடன். 1801-இல், இன்றைய அரியலூரும் பெரம்பலூரும் அடங்கிய ஆற்காட்டு நாடே கும்பெனியாரிடம் போயிற்று. வெள்ளையன் சூழ்ச்சி என்று சொல்லி முடித்துக்கொள்வது நமக்கு எளிது. அவனைக் கூடாரத்துக்குள் அழைத்தவர் யார்?

உஹதில் குன்றைவிட்டு இறங்கிய வில்லாளர்களின் தவறைத் திருக்குர்ஆன் மறைக்கவில்லை. ஆலு இம்ரான் அத்தியாயத்தில் அவர்களுக்கே எடுத்துரைக்கிறது. நபி (ஸல்) அவர்களின் படையினருக்கே விலக்கில்லை. நமக்கு மட்டும் ஏது?

ஜமாஅத்தைப் பிளந்து நீதிமன்றம் ஏறியவர்களில் வென்றவரும் துஆ கேட்கிறார், தோற்றவரும் கேட்கிறார். பிரிந்த சகோதரனின் கதவைத் தட்டத்தான் ஆளில்லை.