சரித்திரப் படங்களும் மெய்ம்மையும்

சரித்திரச் செய்திப்படம் மெய்யையே காட்டுமென்று நம்மவர் எளிதில் நம்பிவிடுகின்றனர். ஏட்டில் எழுதியதை ஐயுறுவாரும் திரையிற் கண்டதை ஐயுறார். இந்நம்பிக்கை அபாயகரமானது என்பதே நம் கருத்து.

தமிழர் ஒருவரின் அரும்பணியையே முதற்கண் எடுத்துக்கொள்வோம். கோட்டையூர் ஏ. கே. செட்டியார் காந்தியடிகளைப் பற்றிய படத்தின்பொருட்டு உலகைச் சுற்றி, முப்பதாண்டுக் காலத்தில் நூறு பேரளவில் எடுத்துவைத்த ஏறக்குறைய 50,000 அடிச் சுருள்களைத் திரட்டினார். அவற்றினின்று தெரிந்தெடுத்த 12,000 அடியே 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் திரைக்கு வந்தது. நாலில் மூன்று பங்கு நீங்கிற்று. நீக்குதல் பொய்யாகாது, ஆயினும் எது நிற்கவேண்டும், எது போகவேண்டும் என்று தீர்மானித்தவர் ஒருவர் உளர் என்பதை மறத்தலாகாது. 1953-இல் ஹாலிவுட்டில் அது ஆங்கில வடிவம் பெற்றபொழுது, வேறு நாட்டாருக்காக வேறொரு குரல் விளக்கங் கூறிற்று.

வெட்டுதலினும் கொடியது கூட்டுதல். 1922-இல் வெளிவந்த 'நானூக்' படத்தில், துப்பாக்கி வழங்கிய காலத்து இனுயிட் மக்களை ஃபிளாஹெர்ட்டி ஈட்டியேந்தச் செய்தார். வெளிச்சம் போதாமையாற் பனிவீட்டைப் பாதி திறந்துவைத்து எடுத்தார். நாயகன் பெயரும் அவனுடைய பெயரன்று. படம் அழகியதுதான்!

இனித் திருப்பூருக்கு வருவோம். 1932 ஜனவரி 10-ஆம் நாள் கொடியேந்திச் சென்று அடியுண்டு, மறுநாள் உயிர்நீத்தார் குமரன். அவ்வூர்வலத்தை நடிகரைக் கொண்டு காட்டுவாரை நாம் வெறுக்கவில்லை. அதனைக் கறுப்பு வெள்ளையாக்கி, கீறல்களையும் வேண்டுமென்றே இட்டு, பழஞ்சுருள்போல் தோற்றுவித்தலே வஞ்சனை. இன்றைய கணிப்பொறிகளோ நடிகரும் வேண்டாமல் மாண்டவரைப் பேசவைக்கின்றன.

இவ்விடத்தில் நாம் வகுப்பிற் பயிலும் பதிப்பொன்று நினைவுக்கு வருகிறது. 1894-இல் புறநானூற்றை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், ஏடு சிதைந்த இடங்களைத் தம் சொற்பெய்து நிரப்பினாரல்லர், புள்ளியிட்டு விட்டார். செய்யுளியற்றும் வன்மை அவருக்கு இல்லாமலா? பாடபேதங்களையும் காட்டினார். படமெடுப்போர் இவ்வாறு செய்தற்கு என்ன தடை? 'இது பின்னர் நடித்துக் காட்டியது' என்று திரையின் அடியில் ஒருவரி போதும். சுவை குன்றுமென்பர் சிலர். புள்ளியிட்ட பாட்டுக்களின் சுவை குன்றிற்றோ?

பழங்கதை கிடக்க, இன்று எடுப்பதே நாளைச் சரித்திரம். நம் பக்கத்துப் பனியன் கம்பெனியொன்றில் நடந்ததை நாம் அறிவோம். படமெடுக்க வருவாரென்றதும் முதல்நாளே பஞ்சுத் தூசியைக் கூட்டித் தள்ளினர். பிசிறு வெட்டும் பெண்களுக்கும் கைமடிகளுக்கும் புதுத் தொப்பியும் முகக்கவசமும் வழங்கினர். படப்பெட்டி போனதும் தொப்பிகள் அலமாரிக்குத் திரும்பின. ஐம்பதாண்டு கழித்து ஒருவர் அப்படத்தைக் கண்டெடுத்து, திருப்பூர்த் தொழிலாளர் வாழ்ந்த வகை இதுவென்று நல்லெண்ணத்துடனே காட்டுவார். அவர்மேற் குற்றமென்ன? அன்றிரவு தூசி கூட்டியவர்களைக் கேட்டு எழுதிவைப்பார் ஒருவரேனும் இப்பொழுதே வேண்டும்.