பட்டுக் கட்டும் கிருமியும்

பிரம்மதேசம், மரக்காணம் பகுதி உப்பளத் தொழிலாளர்களுக்குப் புண் கட்டும் செவிலியர்களையும் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பாத்தியில் நாளெல்லாம் உப்புநீரில் நிற்கும் காலில் தோல் வறண்டு வெடிக்கும். கீறல் ஆறுமுன்னே மறுநாள் வேலைக்கு இறங்க வேண்டும். சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டால் சின்ன வெடிப்பே பெரும்புண்ணாகும். அந்தக் காலுக்கு “இயல்பிலேயே கிருமிநாசினி” என்ற சிபாரிசோடு பட்டுப் புரதக் கட்டு வருமானால், அதில் கிருமியைக் கொல்வது எது என்று கேட்க வேண்டியது நம் கடமை.

2014-ல் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டிழை, செரிசின் எனும் பசை, சிலவகைக் கூடுகளில் படிந்திருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகம் ஆகியவற்றை ஈ. கோலை கிருமியோடு சோதித்தார்கள். சுத்தமாகப் பிரித்தெடுத்த எதுவும் கிருமியைத் தடுக்கவில்லை. முந்தைய ஆய்வுகளில் தெரிந்த தடுப்பாற்றல், பிரித்தெடுக்கப் பயன்பட்ட ரசாயனங்களின் எச்சத்தால் வந்தது என்பது அவர்கள் முடிவு. சோடா போட்டுக் கொதிக்கவைத்துப் பசை போக்குவதைப் பட்டுத் தொழிலை அறிந்தவர்கள் அறிவார்கள்; அந்தச் சோடாவும் ஒரு ரசாயனம்தான். ஒரே கிருமியில் நடந்த சோதனைதான். ஆனாலும் அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது.

பட்டுத் தையல்நூல் பற்றிய சான்று இன்னும் கடுமையானது. மனிதத் தோலில் சீழ் பிடிக்கப் பல லட்சம் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகள் தேவை; பட்டுத் தையல் இருந்தால் சில நூறே போதும் என்று 1957-ல் ஆய்வாளர்கள் எலெக்கும் கோனெனும் காட்டினார்கள். பின்னிய பட்டுநூல் திரிபோல நீரை இழுக்கும். இழைகளின் இடுக்கில் கிருமி ஒளிந்துகொள்ளும். அழுக்குப் புண்ணைப் பட்டுநூலால் தைக்கத் தயங்குவது இதனால்தான்.

பட்டை ஒதுக்கச் சொல்லவில்லை. பட்டிழையின் புரதமான ஃபைப்ராயினால் ஆன படலம் புண்ணின் ஈரம் காக்கும், காற்றை விடும், புதுத் தோல் செல்கள் பற்றி வளர இடம் தரும், மெல்லக் கரையும். கிருஷ்ணகிரி, தருமபுரிக் கூடுகளுக்கு இப்படியொரு மருத்துவப் பயன் கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் வெள்ளி சேர்த்த பட்டுக் கட்டில் கிருமியோடு போராடுவது வெள்ளி. அதைப் பட்டின் கணக்கில் எழுதக் கூடாது.

சீழ் வைத்த புண்ணைப் பட்டால் மூடிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கழுவுங்கள், இறந்த திசுவை அகற்றுங்கள், சர்க்கரையைப் பாருங்கள், காலை உப்புநீரிலிருந்து விலக்கி வையுங்கள். விற்பனைப் பிரதிநிதி வந்தால், ரசாயன எச்சம் நீங்கிய பட்டில் செய்த கிருமிப் பரிசோதனையின் முடிவைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால், கிருமிநாசினி என்று நம்பி அந்தக் கட்டை வாங்காதீர்கள்.