ஜெர்மனியில் திரும்பிய பக்கமெல்லாம் 'முல்லர்'... மாவு மில்காரர் பெயர் முதலிடம் பிடித்த கதை!

1970 உலகக் கோப்பை கால்பந்தில் மேற்கு ஜெர்மனிக்காக 10 கோல் அடித்து மிரட்டியவர் கெர்ட் முல்லர். 40 ஆண்டுகள் கழித்து, 2010 உலகக் கோப்பையில் 5 கோல்களுடன் தங்கக் காலணியைத் தட்டிச் சென்றவர் தாமஸ் முல்லர். இருவருக்கும் ஜெர்சி எண் 13. அப்பா - மகனா? இல்லை. தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது. ஜெர்மனியில் மிக அதிகமானோர் வைத்திருக்கும் குடும்பப் பெயரே முல்லர்தான்!

முல்லர் என்றால் மாவு மில்காரர். 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஜெர்மன் நகரங்களில் கூட்டம் பெருகியது. ஒரே தெருவில் நான்கு ஹான்ஸ் இருந்தால் வரி வசூலிப்பவர் என்ன செய்வார்? செய்யும் தொழிலைச் சேர்த்து எழுதினார்கள். கொல்லர் 'ஷ்மிட்' ஆனார். தையல்காரர் 'ஷ்னைடர்', மீனவர் 'ஃபிஷர்', நெசவாளர் 'வேபர்' ஆனார்கள்.

அன்று பெரும்பாலானோர் விவசாயிகள்தானே, அந்தப் பெயர் ஏன் முதலிடத்துக்கு வரவில்லை? ஊரே விவசாயம் செய்யும்போது 'விவசாயி ஹான்ஸ்' என்றால் யாரென்று தெரியாது. மில்காரர் அப்படியல்ல, ஊருக்கு ஒருவர்தான். அவரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அப்படி ஊருக்கு ஒரு முல்லர் உருவாக, நாடு முழுக்க முல்லர் மயம்!

ஆனால், அந்தப் பெயருக்கு அன்று மரியாதை இருந்ததா என்றால், அதுதான் இல்லை. பல ஊர்களில், நிலப்பிரபு சொல்லும் மில்லில்தான் தானியம் அரைக்க வேண்டும் என்பது கட்டாயம். அரைப்புக் கூலியாக மாவிலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்வார் மில்காரர். 'கூடுதலாக அள்ளிவிட்டாரோ' என்ற சந்தேகம் மக்களுக்குத் தீரவே இல்லை. 'கௌரவமற்ற தொழில்' என்று முத்திரை குத்தி, மில்காரரின் பிள்ளைகளைத் தொழிற்சங்கங்களில் சேர்க்க மறுத்த ஊர்களும் உண்டு. அப்பா செய்த வேலைக்காக, மகன் வேறு தொழில் பழகும் வாய்ப்பையே இழந்தான். இப்படி ஒதுக்கக் கூடாது என 1577-ல் பேரரசு சட்டமே போட வேண்டியிருந்தது. அதன் பிறகும் பழக்கம் உடனே மாறிவிடவில்லை.

காலப்போக்கில் தொழில் கைமாறியது, பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. கவிஞர் வில்ஹெல்ம் முல்லரின் அப்பா மாவு மில்காரர் அல்ல, தையல்காரர்! மில்காரரின் மகள்மீது காதல் கொள்ளும் இளைஞனைப் பற்றி வில்ஹெல்ம் எழுதிய கவிதைகளுக்கு, 1823-ல் இசையமைத்துப் புகழ்பெறச் செய்தார் ஷூபர்ட். அதே 1823-ல் வில்ஹெல்முக்கு ஒரு மகன் பிறந்தார். அவர்தான், பின்னாளில் ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர்.

சென்னையில் ஜெர்மன் மொழி கற்றுத்தரும் மாக்ஸ் முல்லர் பவன் இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஒரு காலத்தில் தொழிற்சங்கங்கள் வாசலோடு திருப்பி அனுப்பிய பெயர், இன்று ஒரு கல்விக்கூடத்தின் வாசலில்!